உரியவர் வருவார்

கண்ணாடியக்காவிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடலாம் என்று நினைத்தது விசில் செய்த முதல் தப்பு. இரண்டாவது தப்பை அவர் செய்தபோது நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நடந்த விதத்தைச் சொல்வதற்கு முன்னால் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ஆள் தெரியாமல் சண்டையை வேடிக்கை பார்ப்பதில் என்ன ருசி இருக்கிறது?

பெரிய மருத்துவமனையின் பின்பக்கம், சமையலறைக்கும் குப்பை லாரி வந்து நிற்கும் சந்துக்கும் நடுவில் சலவைக்கூடம் இருக்கிறது. எல்லா வார்டுகளின் விரிப்பும் உறையும் நோயாளி அங்கியும் அங்கேதான் வந்து சேரும். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடும் சுடுஉருளையில் விட்டு எடுத்தால், மடிப்பு மேசைக்கு வரும். அந்த மேசையில் ஆறு பெண்கள். அவர்களில் ஒருத்திதான் கண்ணாடியக்கா. இருபத்தொரு வருடமாக மடிக்கிறாள். சோடாபுட்டிக் கண்ணாடி, கூடத்து ஆவியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பனி படர்ந்துவிடும். துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், கழற்றித் தலையில் ஏற்றிவிட்டுக் கைத்தடவலிலேயே மடிப்பாள். மூலைக்கு மூலை இம்மி பிசகாது.

விசில் என்பவர் மேற்பார்வையாளர். இயந்திரச் சத்தத்தில் குரல் எடுபடாது என்று கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார். வேலை தொடங்க ஒரு ஊதல், டீக்கு ஒரு ஊதல், டீ முடிய ஒரு ஊதல். வாயில் விசில் இல்லாத நேரத்தில்தான் பேசுவார் என்பதால் அவர் அதிகம் பேசாதது எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

இந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. விரிப்பைச் சுருட்டி அள்ளி வரும்போது நோயாளிகளின் சாமான்களும் சேர்ந்து வந்துவிடும். மோதிரம், மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி, ஒருமுறை இரண்டு வரிசையும் சேர்ந்த பல்செட். துவைப்பதற்கு முன் மூட்டை பிரிப்பதும் இந்த ஆறு பேர்தான், முறைவைத்து. அங்கே அகப்பட்டதை எடுத்து ‘கண்டெடுத்த பொருள்’ நோட்டில் எழுத வேண்டும். என்ன, எந்த வார்டு, எடுத்தது யார், கையெழுத்து. அலுவலகம் அந்தக் குடும்பத்துக்கு மூன்று முறை போன் செய்யும். வரும்வரை பொருள் இரும்பு அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். அந்தத் தட்டில் யாரோ ஒரு புண்ணியவதி வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, ‘உரியவர் வருவார்’ என்று எழுதிவைத்திருந்தாள். ஒரு வருடம் ஒரு நாள் கழித்தும் உரியவர் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே சொந்தம்.

நோட்டின் முதல் பக்கத்தில் இன்னொரு விதியும் ஒட்டியிருந்தது. கண்டெடுத்த பொருள் யார் கையால் சேதமாகிறதோ, அவர் அந்த வரியிலேயே தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு வருடம் முன்பு ஒரு காதுக் கருவி தவறிப்போய் வெந்நீரில் விழுந்தபோது விசில்தான் இந்த விதியைத் தட்டச்சு செய்து ஒட்டினார். மேசையிலேயே குள்ளமானவளான பொடியைக் கூப்பிட்டு, அழ அழக் கையெழுத்து வாங்கினார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படித்தான் ஒரு நாள் எலும்பு முறிவு வார்டு மூட்டைக்குள்ளிருந்து கண்ணாடியக்காவின் கைக்கு ஒரு ஈ-ரீடர் வந்தது. சாம்பல் நிறம், சிலேட்டு அளவு, எடை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத எடை. நாற்பத்தொன்றாவது வரியில் எழுதினாள். மேல்தட்டில் வைத்தாள். மூன்று போனுக்கும் பதில் இல்லை. ஒரு வருடம் ஒரு நாள் கழித்து நிர்வாக அதிகாரி அம்மா அதை அவள் கையில் கொடுத்தார்.

அதற்குள் ஒரே ஒரு கோப்புதான் இருந்தது. அவளுக்குத் தெரியாத மொழி. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி. அச்சிட்ட புத்தகத்தில் எவன் பக்கத்துக்குப் பக்கம் தேதி போடுகிறான்? இது யாரோ தனக்காகவோ, தன் பிள்ளைக்காகவோ எழுதிவைத்த நாட்குறிப்பு என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

“கருவி என்னோடதுங்க மேடம். உள்ள இருக்கிற எழுத்து என்னோடது இல்ல,” என்றாள்.

“அழிச்சிட்டு வெச்சுக்கங்களேன்.”

“அழிக்க நான் யாரு?”

அதிகாரி அம்மா சிரித்தார். கண்ணாடியக்கா சிரிக்கவில்லை. நாற்பத்தொன்றாவது வரிக்குப் பக்கத்தில், ‘கருவி பெற்றுக்கொண்டேன். உள்ளே உள்ள எழுத்து உரியவருடையது, காத்திருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அதிகாரி அம்மாவையும் போடவைத்தாள்.

*

அடுத்த பாடு, அந்தச் சிலேட்டுக்குத் தீனி தேடுவது. ஆமாம், சிலேட்டு. மேசையில் யாரும் அதை ஈ-ரீடர் என்று சொன்னதில்லை.

கண்ணாடியக்காவின் நாத்தனாருக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. கடையில் கணினி இருந்தது. வீட்டில் எல்லோரும் அவளை ஜெராக்ஸ் என்றே கூப்பிடுவார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

“எழுத்தைப் பெருசாக்கலாம் பாரு,” என்று கண்ணாடியக்கா காட்டினாள். “பூதக்கண்ணாடி இல்லாம நான் படிச்சு எட்டு வருஷம் ஆச்சு. இதுல புத்தகம் ஏத்தித் தா.”

“புத்தகம் வாங்கணும் அண்ணி.”

“சும்மா கிடைக்கிறது இருக்காம். எங்க கணினிப் பிரிவு தம்பி சொன்னாரு.”

“சும்மா கிடைக்கிறதுல என்ன இருக்கும்? பழைய குப்பையா இருக்கும்.”

“தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதே. தேடு முதல்ல.”

தேடினார்கள். கிடைத்தது. ஆயிரக்கணக்கில் கிடைத்தது. உரிமைக்காலம் முடிந்த பழைய நூல்களை யாரோ முகம் தெரியாதவர்கள், சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு உட்கார்ந்து தட்டச்சு செய்து, பிழை பார்த்து, எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். சில எழுத்தாளர்கள் உயிரோடு இருக்கும்போதே தங்கள் நூலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும், இதை யாரும் படிக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது. கண்ணாடியக்காவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. உலகத்தில் இப்படியும் ஆட்கள் இருக்கிறார்களா என்று ஜெராக்ஸை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அன்று அவளுக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. இதை அவள் கணவரிடமே சொன்னாள். அவரும் தனக்கும் அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டார்.

சும்மா கிடைத்ததே தவிர சுலபமாகக் கிடைக்கவில்லை. முதலில் ஏற்றிய புத்தகத்தில் எழுத்தே இல்லை. கட்டம் கட்டமாகப் பக்கம் முழுக்கப் பெட்டிகள். இரண்டாவது, பழைய தாளைப் படம் பிடித்தது. எழுத்து எறும்பு. பெரிதாக்கினால் வரியின் வால் திரைக்கு வெளியே போய்விடும், தலையும் வாலும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது.

“உங்க சிலேட்டு எல்லாத்தையும் தின்னாது அண்ணி,” என்றாள் ஜெராக்ஸ். “பத்தியச் சாப்பாடுதான் இறங்கும்.”

எந்த வகைக் கோப்பு அதற்குச் செரிக்கும் என்று கண்டுபிடிக்க ஐந்து சாயங்காலம் ஆனது. தட்டச்சு செய்ததாக இருக்க வேண்டும். எழுத்துருவும் கூடவே வர வேண்டும். கண்டுபிடித்த பிறகு நாத்தனாரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். இறக்கு, கேபிளைச் செருகு, ஏற்று, கழற்று. சுடுஉருளையில் விரிப்பு விடுவதைவிட இது என்ன கஷ்டம்?

ஐம்பது தாண்டியதும் அடுக்க வேண்டிவந்தது. நாவல், கட்டுரை என்று பிரிப்பது படித்தவர்கள் பழக்கம். கண்ணாடியக்காவுக்கு இருபத்தொரு வருடமாகத் தெரிந்த ஒரே பிரிப்பு, வார்டு. கை தானாகப் போய் அப்படியே அடுக்கியது. நல்லபடியாக முடியும் கதைகள் ‘பிரசவ வார்டு’. கர்ச்சீப் தேவைப்படுகிறவை ‘தீவிர சிகிச்சை’. சின்னப் பிள்ளைகளுக்கானவை ‘குழந்தைகள் வார்டு’. நாலு பேர் முன்னால் சத்தமாக வாசிக்கக்கூடாதவை ‘தொற்று’. முப்பது பக்கத்தில் தூக்கம் வரவழைத்தவை ‘மயக்க மருந்து’. எல்லாம் சேர்த்து முன்னூற்றுப் பன்னிரண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே ‘உரியவர் வருவார்’ என்று ஒன்று. அதற்குள் அந்த நாட்குறிப்பு மட்டும்.

“அதையும் இங்க ஒரு பிரதி எடுத்து வெக்கட்டுமா?” என்று ஜெராக்ஸ் ஒருநாள் கேட்டாள். “சிலேட்டு கெட்டுப்போனா?”

“வேண்டாம்.”

“முன்னூறு புத்தகத்தைப் பிரதி எடுத்தீங்க.”

“அதெல்லாம் எடுத்துக்கன்னு கொடுத்தது. இதை யாரும் கொடுக்கல,” என்றாள் கண்ணாடியக்கா.

*

காலையில் சுடுஉருளை சூடேறப் பத்து நிமிடம் ஆகும். டீக்குப் பதினைந்து நிமிடம். இந்த இருபத்தைந்து நிமிடத்தில் கண்ணாடியக்கா மேசைக்குத் தலைமாட்டில் நின்று சத்தமாக வாசிப்பாள். மற்ற ஐந்து பேரும் கேட்பார்கள். கைப்பேசி கூடத்துக்குள் கூடாது, கேமரா இருப்பதால். பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் வரவேண்டும். சிலேட்டுக்குக் கேமராவும் இல்லை, சிம்மும் இல்லை. சட்டத்தில் இடம் இருந்தது.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு பெரிய கதை. ஏழு வருடம் முன்பு வீட்டைவிட்டுப் போன கணவன் திரும்பி வருகிறான். மனைவி கதவைத் திறப்பாளா மாட்டாளா என்பதில் மேசை இரண்டாகப் பிரிந்திருந்தது. கண்ணாடியக்காவுக்கு எதிர்முனையில் விரிப்பைப் பிடிக்கும் நெட்டை, திறக்கவே கூடாது என்ற கட்சி. பொடி திறக்கட்டும் என்ற கட்சி. விரிப்பின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு வாக்குவாதம் செய்ததில் அந்த வாரம் மடிப்பு வேகம் கூடித்தான் போயிற்று.

விசிலுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவர் ஊதினால் ஆறு தலையும் உடனே நிமிரும்; அது அவருடைய ஒரே சொத்து. இப்போது ஊதினால் நிமிர்வதற்கு முன் ஒரு வாக்கியம் முடிகிறது. ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனாலும் மனிதர் வெந்துபோனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் கண்ணாடியக்கா கண்ணாடி துடைக்கத் துணி எடுக்கப் போனாள். சிலேட்டு மேசையில் இருந்தது. விசில் குனிந்து பார்த்தார். தீவிர சிகிச்சை, 38. பிரசவ வார்டு, 51. தொற்று, 27. அவர் முகம் மலர்ந்ததை நெட்டை பார்த்தாள். லாட்டரி விழுந்தவன் முகம். சிலேட்டைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். ஊத மறந்துபோனதால் அன்று டீ இடைவேளை நாற்பது நிமிடம் நீடித்தது.

*

மறுநாள் காலை விசாரணை. நிர்வாக அதிகாரி அம்மா மேசைக்குப் பின்னால். கணினிப் பிரிவு ஆள் ஒரு பக்கம். விசில் மறுபக்கம். கண்ணாடியக்கா நின்றாள். சாட்சியாக நெட்டையைக் கூட்டிவந்திருந்தாள்.

“நோயாளிங்க விவரத்தை வார்டு வாரியா திருடி வெச்சிருக்காங்க மேடம்,” என்றார் விசில். “நானே கண்ணால பாத்தேன்.”

கண்ணாடியக்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். “திறந்து பாருங்க மேடம்,” என்றாள்.

கணினி ஆள் பிரசவ வார்டைத் திறந்தார். உத்தியோகக் குரலில் வாசித்தார். “வாசலில் நின்றவனை அவள் பார்த்தாள். ஏழு வருடத்தில் அவன் தோள் சரிந்திருந்தது. தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல், சாப்பிட்டாயா என்று கேட்டாள்.”

“திறந்துட்டாளா?” என்றாள் நெட்டை.

“இன்னும் இல்லீங்க,” என்றார் கணினி ஆள்.

அடுத்து தொற்றைத் திறந்தார். இரண்டு வரி மனதுக்குள் படித்தார். காது சிவந்தது. மூடிவைத்தார். “இது பேஷன்ட் ரெக்கார்டு இல்லீங்க மேடம். நிச்சயமா இல்ல.”

அதிகாரி அம்மா விசிலைப் பார்த்தார். அந்த இடத்தில் வேறு யாராவதாக இருந்தால் மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருப்பார்கள். விசில் அந்த ரகம் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவர், இன்னும் பலமாக ஊதினால் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

“சரி, புத்தகம்னே வெச்சுக்குவோம். முன்னூத்திப் பன்னண்டு புத்தகம் மேடம். இவங்க சம்பளத்துல வாங்க முடியுமா? காசு கொடுக்காம எடுத்தா அதுக்குப் பேரு என்ன?”

“இலவசம்,” என்றாள் கண்ணாடியக்கா.

“திருட்டு.”

“எழுதினவங்க போய்ச் சேந்து, உரிமைக்காலமும் முடிஞ்ச புத்தகம் சார். மத்தது எழுதினவங்களே கொடுத்தது. எடுத்துக்கன்னு முதல் பக்கத்துல எழுதியிருக்கு. உங்களுக்கும்தான். வேணும்னா சொல்லுங்க, ஏத்தித் தரேன்.”

கணினி ஆள் நான்கைந்து புத்தகங்களின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். “இவங்க சொல்றது சரிதான் மேடம்.”

விசில் கேட்டுக்கொள்ளவில்லை. ‘நோயாளி விவரங்களை’ என்று தட்டச்சு செய்து கையோடு கொண்டுவந்திருந்த கடிதத்தில், அதை மட்டும் அடித்துவிட்டு ‘நூல்களை’ என்று பேனாவால் திருத்தி நீட்டினார். ‘களவாடிய நூல்களைப் பணியிடத்தில் வைத்திருந்ததற்காக மன்னிப்புக் கோருகிறேன்’ என்று இருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அதிகாரி அம்மாவுக்கு அன்று வேறு மூன்று கூட்டம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டுப் போங்க. இத்தோட முடிஞ்சுடும். போடலைன்னா மேலிடம் வரைக்கும் போகும், வேலையைவிட்டு நிறுத்தி வெக்கச் சொல்வாங்க,” என்றார்.

கண்ணாடியக்காவுக்குப் பயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கணவர் முதுகு வலியால் பாதி மாதம் படுக்கையில். அவள் சம்பளம் நின்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். கடிதத்தைத் தூக்கிக் கண்ணருகே வைத்து முழுதும் படித்தாள். ‘களவாடிய’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“மேடம், இந்தக் கையால எத்தனை மோதிரம் எடுத்துக் கொடுத்திருக்கேன்னு நோட்டுல இருக்கு. ஒரு தடவை கழுத்துச் சங்கிலி. அந்த மாசம் எங்க வீட்டுல ஒரு வேளைதான் சாப்பாடு. அன்னைக்கும் நோட்டுலதான் எழுதினேன். அப்ப திருடாதவ, சும்மா கொடுக்கிறதைத் திருடுவேனா? நான் போடமாட்டேன்.”

“யோசிச்சுப் பேசுங்க.”

“யோசிச்சுட்டேன். வேலையைவிட்டு நிறுத்தினா போயிட்டு வரேன். திருடின்னு எழுதிட்டு இருக்கமாட்டேன்.”

நெட்டை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விசில் சிலேட்டை எடுத்தார். “போடலைன்னா இப்பவே மொத்தத்தையும் அழிச்சுடுவேன். பாத்துக்கங்க.”

கண்ணாடியக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிடப் பரிதாபம் அதிகம். “இலவசம்னா என்னன்னு உங்களுக்கு இன்னும் பிடிபடலை சார். அழிங்க. சாயங்காலம் திரும்ப ஏத்திக்குவேன். நாளைக்கு அழிங்க, நாளன்னைக்கு ஏத்துவேன். கொடுத்தவங்க கதவைத் திறந்தே வெச்சிருக்காங்க. ஆனா மேல ஒண்ணு இருக்கு, ‘உரியவர் வருவார்’னு. அதை மட்டும் தொடாதீங்க. அது என்னோடது இல்ல. நோயாளியோடது. அதுக்கு வேற பிரதி கிடையாது.”

“இப்ப நோயாளியோடதா? நல்ல கதை.”

“கதை இல்ல சார். தொடாதீங்க.”

“இவங்க சொன்னா நாம கேக்கணுமாம்,” என்றபடி விசில் எதையோ அமுக்கினார். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று சிலேட்டு கேட்டது. நாம் எல்லோரும் செய்வதைப் போலத்தான், படிக்காமல் சம்மதம் என்று அமுக்கினார். கணினி ஆள், “இருங்க சார்,” என்று கை நீட்டுவதற்குள் திரை கறுத்து, வெளுத்து, மொழியைத் தேர்ந்தெடுக்கவும் என்று வந்து நின்றது.

கண்ணாடியக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முன்னூற்றுப் பன்னிரண்டுக்காக இல்லை. ஒன்றரை வருடமாக அவள் காத்துவைத்த பக்கங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தேதியோடு, யாரோ காலொடிந்து படுத்திருந்த படுக்கையில் எழுதியவை, ஒரு ஆளின் வீம்பில் போய்விட்டன. ஜெராக்ஸ் கேட்டபோதே ஒரு பிரதி எடுத்திருக்கலாம். எடுக்காதது சரிதான் என்று அவளுக்கு இப்போதும் தோன்றியது, அதுதான் இன்னும் வலித்தது. கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். போட்டுக்கொண்டாள்.

“மேடம், கண்டெடுத்த பொருள் நோட்டைக் கொண்டாரச் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“நாப்பத்தொண்ணாவது வரி.”

நெட்டைக்கு நீளக்கால், நான்கே நிமிடத்தில் நோட்டோடு வந்தாள். அதிகாரி அம்மா பக்கத்தைப் புரட்டினார். ‘உள்ளே உள்ள எழுத்து உரியவருடையது, காத்திருக்கிறது.’ அதன் கீழே கண்ணாடியக்காவின் கையெழுத்து. அதன் கீழே தன்னுடைய கையெழுத்து. அவர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். அன்றைக்குச் சிரித்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் கறுத்துப்போனது.

“முதல் பக்கத்தையும் படிச்சுடுங்க மேடம்,” என்றாள் கண்ணாடியக்கா. “சார் ஒட்டினது.”

அதிகாரி அம்மா வாய்விட்டே படித்தார். யார் கையால் சேதமாகிறதோ, அவர் அந்த வரியிலேயே தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். படித்து முடித்ததும் நோட்டைத் திருப்பி விசிலின் முன்னால் தள்ளினார். பேனாவையும் வைத்தார்.

“அது வந்து மேடம், அந்த விதி தொழிலாளிங்களுக்கு…”

“அப்படி எங்கயும் எழுதலையே. எழுதுங்க.”

“என்னன்னு எழுதறது?”

“என்ன நடந்துச்சோ அதை,” என்றாள் கண்ணாடியக்கா. “நோயாளியோட எழுத்து. தொடாதேன்னு சொல்லியும் நான் அழிச்சேன். அவ்வளவுதான் சார். பொடிக்கு நீங்க சொல்லிக் கொடுத்தீங்களே, அதே மாதிரி. தேதி போட மறந்துடாதீங்க.”

விசில் எழுதினார். பேனா இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் அதிகாரி அம்மா காத்திருந்தார். எழுதி முடித்ததும் கண்ணாடியக்கா நோட்டைக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்தெழுத்தாகப் படித்துப்பார்த்தாள். பிறகு அந்த மன்னிப்புக் கடிதத்தை எடுத்தாள். மூலைக்கு மூலை சேர்த்து நான்காக மடித்தாள், இருபத்தொரு வருட மடிப்பு. விசிலின் கையருகே வைத்துவிட்டுச் சிலேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளை வேலையைவிட்டு நிறுத்துவது பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

*

அன்று சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில் ஆறு பேரும் வந்து நின்றார்கள். கடைக்காரர் பயந்தே போனார்.

“மொத்தமும் திரும்பவா அண்ணி?” என்றாள் ஜெராக்ஸ்.

“மொத்தமும். அது முடிஞ்சதும் இவளுங்க போன்லயும் ஏத்து. இனிமே அழிக்கணும்னா அவரு ஆறு வீட்டுக்கும் நடக்கணும்.”

இறக்கு, செருகு, ஏற்று, கழற்று. கண்ணாடியக்கா முதலில் செய்தது ஒரு அடுக்கு உண்டாக்கியது. ‘உரியவர் வருவார்’ என்று பெயர் வைத்தாள். அதற்குள் போட ஒன்றும் இல்லை. பக்கத்தில் 0 என்று காட்டியது.

“காலி அடுக்கு எதுக்கு அண்ணி? எடுத்துடவா?”

“இருக்கட்டும்.”

மறுநாள் காலை சுடுஉருளை சூடேறிக்கொண்டிருந்தது. கண்ணாடியக்கா மேசைத் தலைமாட்டில் நின்று, வழக்கத்தைவிட உரக்க, விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். மனைவி கதவைத் திறந்தாள். கணவனுக்குச் சாப்பாடு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் கையைக் கழுவிவிட்டுப் போ என்றாள். நெட்டையும் பொடியும் தங்கள் கட்சிதான் ஜெயித்தது என்று ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்நேரம் விசில் வந்தார். விசிலை வாயருகே கொண்டுபோனார். ஆறு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஊதாமல் நின்றார். அத்தியாயத்தில் இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. கண்ணாடியக்கா அதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாக வாசித்து முடித்தாள்.

சூடான விரிப்பு வர ஆரம்பித்தது. ஒரு முனையை நெட்டை பிடித்தாள், மறுமுனையைக் கண்ணாடியக்கா.

“அக்கா, அந்த ஆளு ஒருநாள் நிஜமாவே வந்து கேட்டா என்ன சொல்லுவே?” என்றாள் நெட்டை.

“கையில எதுவும் இல்லைன்னு சொல்லுவேன். மன்னிப்பும் கேப்பேன், அவங்ககிட்ட மட்டும்,” என்று கண்ணாடியக்கா விரிப்பை உதறி மூலையைச் சேர்த்தாள். “அப்புறம் நோட்டைக் கையில கொடுப்பேன். திருடினது யாருன்னு நாப்பத்தொண்ணாவது வரியில கையெழுத்தோட இருக்கு.”